கறுப்பில் ஆட, வளைந்து கொடுக்கும் தற்காப்பு எது?

பர்மாவின் பெகுவில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பகலில் அப்பாவோடு பயறுக் கடை. கடை சாத்திய பிறகு கைப்பேசியில் செஸ், ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு பலகையில். "வெள்ளையில் பத்து ஆட்டத்துக்கு ஆறு ஜெயிக்கிறேன். கறுப்பில் மூன்றைத் தாண்டுவதில்லை. வெள்ளை ராஜா சிப்பாயைத் தள்ளி இ4 ஆடினாலும், ராணிச் சிப்பாயைத் தள்ளி டி4 ஆடினாலும் தடுமாறாமல் ஆடக்கூடிய, வளைந்து கொடுக்கிற தற்காப்பு ஒன்று சொல்லுங்கள் அண்ணே. படிக்க வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான் கிடைக்கும்" என்று எழுதி, தோற்ற இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்.

தம்பி, அந்த இரண்டு ஆட்டங்களை நீங்கள் அனுப்பியது மிகவும் நல்லதாகப் போயிற்று. அவை இல்லாவிட்டால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இ4 வந்தாலும் சரி, டி4 வந்தாலும் சரி, உங்கள் முதல் நகர்வு டி6, அதாவது ராணிச் சிப்பாய் ஒரு கட்டம். இரண்டாவது, குதிரை எஃப்6. மூன்றாவது நகர்வை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். வெள்ளை என்ன அடுக்குகிறது என்று பார்த்த பிறகு ஜி6 அல்லது இ5. டி6, குதிரை எஃப்6, ஜி6 என்று இ4-க்கு எதிராகப் போனால் அதன் பெயர் பிர்ட்ஸ் தற்காப்பு. ஸ்லோவேனியாவின் கிராண்ட்மாஸ்டர் வாஸ்யா பிர்ட்ஸ் பெயரில் வழங்குவது. அதே அமைப்பு டி4, சி4-க்கு எதிரே வந்தால் கிங்ஸ் இந்தியன். மூன்றாவது இ5 என்றால் பழைய ஃபிலிடோர் குடும்பம். பெயர் மூன்று, காய்கள் நிற்கிற இடம் ஏறக்குறைய ஒன்று.

நான் இப்போதும் இதை ஒட்டித்தானே ஆடுகிறேன், பிறகு ஏன் தோற்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் முதல் ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்ப்போம்.

வெள்ளை இ4, நீங்கள் ஜி6. டி4, பிஷப் ஜி7. குதிரை சி3, டி6. பிஷப் இ3, குதிரை எஃப்6. ராணி டி2, நீங்கள் உடனே ராஜா பக்கம் கோட்டை கட்டிவிட்டீர்கள். வெள்ளை ராணிப் பக்கம் கோட்டை கட்டினார். பிறகு குதிரை பிடி7 (பி வரிசைக் குதிரை டி7-க்கு), எஃப்3, ஏ6, எச்4, யானை இ8, எச்5. அங்கே பலகையை நிறுத்திப் பாருங்கள். எட்டு நகர்வு ஆடி முடித்திருக்கிறீர்கள். உங்கள் சிப்பாய் ஒன்றுகூட ஆறாம் வரிசையைத் தாண்டி இறங்கவில்லை. வெள்ளையின் டி4, இ4 இரண்டும் உட்கார்ந்த இடத்தில் சுகமாக உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் யாரும் தொந்தரவு செய்யாததால்தான் அவர் எச் சிப்பாயை நிம்மதியாகத் தள்ளிக்கொண்டு வந்தார். அப்புறம் பிஷப் எச்6, எச் வரிசை திறந்தது, ராணி வந்தது, முடிந்தது. நீங்கள் எதிராளி என்ன செய்தாலும் ஒரே எட்டு நகர்வை ஆடியிருக்கிறீர்கள். அதை வளைந்து கொடுப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையில் அதைவிட இறுக்கமான ஆட்டம் வேறு இல்லை.

வளைந்து கொடுப்பது என்றால் என்ன என்று எனக்குப் புரிய வைத்தது செஸ் புத்தகம் எதுவும் இல்லை. சிறுவயதில் ரங்கூனில் எங்கள் தெருமுனை லப்பேயே (தேநீர்) கடையில் ஒரு பர்மியப் பெரியவர் சித்துயின் ஆடிக்கொண்டிருப்பார். பர்மாவின் சொந்தச் சதுரங்கம் அது. 2013-இல் மியான்மர் நடத்திய தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் அதற்கும் பதக்கம் வைத்தார்கள். அந்த ஆட்டத்தில் தொடக்கத்தில் சிப்பாய்கள் மட்டும்தான் பலகையில் நிற்கும்: நான்கு மூன்றாம் வரிசையில், நான்கு நான்காம் வரிசையில். மற்ற காய்களை அவரவர் விருப்பப்படி சிப்பாய்களுக்குப் பின்னால் அடுக்கிக்கொள்ளலாம். தேர் மட்டும் கடைசி வரிசையில்தான் இருக்க வேண்டும். அவர்களுடைய யானை நம் யானை மாதிரி மூலையிலிருந்து நேராக ஓடுவது கிடையாது. குறுக்கே ஒரு கட்டம், அல்லது நேர் முன்னே ஒரு கட்டம், அவ்வளவுதான்.

சிவப்பு முதலில் அடுக்கும். கறுப்பு அதைப் பார்த்துவிட்டு அடுக்கும். பெரியவர் எப்போதும் கறுப்பைத்தான் கேட்டு வாங்குவார். எதிராளி தேரை எந்தப் பக்கம் குவிக்கிறார் என்று தேநீரை உறிஞ்சிக்கொண்டே பார்த்திருப்பார். கையில் இருக்கிற காயை உள்ளங்கையில் உருட்டுவார், வைக்க மாட்டார். எதிராளியின் ராஜா உட்கார்ந்த பிறகுதான் தன் யானைகளை எங்கே வைப்பது என்று முடிவெடுப்பார். ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "முதலில் வைத்தவன் சொல்லிவிட்டான், நான் இன்னும் சொல்லவில்லை" என்றார். கறுப்பில் ஆடுவதைப் பற்றி நான் கேட்டதிலேயே சிறந்த பாடம் அது. வெள்ளைக்கு ஒரு நகர்வு முன்னுரிமை இருக்கிறது, உண்மைதான். அதே நகர்வில் அவர் தன் மனதில் இருப்பதைக் கொஞ்சம் காட்டிவிடுகிறார். அதைப் பார்த்துப் பதில் சொல்லும் வசதி உங்களுக்கு.

ஆனால் பெரியவர் கடைசிவரை காயை உருட்டிக்கொண்டே இருக்கவில்லை, கவனியுங்கள். நேரம் வந்ததும் வைத்தார். நம் ஆட்டத்தில் அந்த நேரம் எது என்றால், நடுவில் சிப்பாயால் அடிக்கிற நேரம். டி6-இல் சிப்பாயை வைத்த கறுப்புக்கு இரண்டு அடிகள்தான் உண்டு: இ5 அல்லது சி5. இரண்டில் எது என்பதை வெள்ளை முகம் காட்டும்வரை தள்ளிப் போடலாம். ஆனால் பத்தாவது நகர்வுக்குள் ஏதாவது ஒன்று நடந்திருக்க வேண்டும். நீங்கள் நெரிபட்டுத் தோற்ற ஆட்டங்களை எல்லாம் எடுத்துப் பாருங்கள், அந்த அடி விழுந்திருக்காது.

இனி எப்போது எந்த அடி என்பதற்கு வருகிறேன். இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

இ4, டி6, டி4, குதிரை எஃப்6, குதிரை சி3, ஜி6 வரை வந்துவிட்டோம் என்று வையுங்கள். வெள்ளை நான்காவதாக எஃப்4 தள்ளினால் அதற்கு ஆஸ்திரியத் தாக்குதல் என்று பெயர். பார்க்கப் பயமாக இருக்கும். மூன்று சிப்பாய்கள் தோளோடு தோள் நிற்கும். இ5 என்ற கட்டத்தை எஃப்4 சிப்பாயும் டி4 சிப்பாயும் காவல் காக்கின்றன. ஆகவே அங்கே அடிக்க முடியாது. அப்படியானால் அடி சி5-இல். பிஷப் ஜி7, குதிரை எஃப்3, உடனே சி5! அவர் டி சிப்பாயால் சி5-ஐ எடுத்தால் திருப்பி எடுக்க அவசரப்படாதீர்கள். ராணியை ஏ5-க்குக் கொண்டுபோங்கள். சி3 குதிரை ராஜாவோடு கட்டுண்டு நிற்கிறது, இ4 சிப்பாய் விழும் நிலைமை. அவர் பிஷப் டி3 ஆடிக் காப்பாற்ற, நீங்கள் ராணியால் சி5-ஐ எடுத்துக்கொள்கிறீர்கள். 1972-இல் ரெய்க்ஜாவிக்கில் உலகப் பட்டத்துக்கான போட்டியின் 17-ஆவது ஆட்டத்தில் ஸ்பாஸ்கிக்கு எதிராகக் கறுப்பில் ஃபிஷர் ஆடியது இதே வழிதான். ஆட்டம் சமனில் முடிந்தது. பட்டத்துக்கு நெருங்கிக்கொண்டிருந்த மனிதர், அதுவரை தனக்கு வழக்கமில்லாத பிர்ட்ஸை அந்த நேரத்தில் நம்பி எடுத்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இந்தத் தாக்குதலில் ஒரே ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வேன். உங்கள் சி5-க்குப் பதிலடியாக அவர் பிஷப் பி5 செக் வைக்கலாம். நீங்கள் பிஷப் டி7. அவர் இ5, நீங்கள் குதிரை ஜி4. அவர் இ6 என்று ஆவேசமாகத் தள்ளினால் எஃப் சிப்பாயால் எடுங்கள். குதிரை ஜி5 வரும். நீங்கள் பிஷப்பால் பி5-ஐ எடுக்கிறீர்கள். அவர் குதிரை இ6-ஐ எடுத்து உங்கள் ராணியைத் தாக்குகிறது. பார்ப்பவருக்குக் கதை முடிந்தது போலத் தோன்றும். அங்கே ராணியை அப்படியே விட்டுவிட்டு பிஷப்பால் டி4 சிப்பாயை எடுங்கள். அவர் ராணியை எடுத்தால் பிஷப் எஃப்2 செக், ராஜா டி2, பிஷப் இ3 செக், ராஜா இ1, மறுபடி எஃப்2 செக். பி5-இல் நிற்கும் இன்னொரு பிஷப் எஃப்1, இ2, டி3 எல்லாவற்றையும் அடைத்துவிட்டதால் வெள்ளை ராஜாவுக்கு வேறு போக்கிடம் இல்லை. ராணி இல்லாமலேயே சமன். இதை நான் முதல்முறை பலகையில் ஆடிப் பார்த்தபோது இரண்டு மூன்று தரம் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன், அவ்வளவு அழகு.

அடுத்தது உங்களை வீழ்த்தியதே, பிஷப் இ3, ராணி டி2, பிஷப் எச்6 என்று வருகிற அந்தத் திட்டம். இணையத்தில் பத்தில் பாதிப் பேர் இதைத்தான் ஆடுகிறார்கள். இதற்கு மருந்து, பிஷப்பை ஜி7-க்குக் கொண்டுபோக அவசரப்படாமல் இருப்பது. அவர் நான்காவதாகப் பிஷப் இ3 ஆடியதும் நீங்கள் சி6. ராணி டி2, பி5. இப்போது உங்கள் பிஷப் இன்னும் எஃப்8-இல்தான் இருக்கிறது. அவர் பிஷப் எச்6 வந்தால் ஒரே நகர்வில் எடுத்துவிடலாம். ஜி7-க்குப் போய் அங்கிருந்து எடுக்கிற வீண் நகர்வு மிச்சம். உங்கள் ராஜா இன்னும் நடுவில் இருப்பதால், எச் சிப்பாயைத் தள்ளினாலும் அது தேடி வருகிற ஆள் அங்கே இல்லை. அவர் பக்கத்துக்கோ பி4 என்ற மிரட்டல் தொங்குகிறது. சி3 குதிரை விரட்டப்பட்டால் இ4 சிப்பாயைக் காக்க ஆள் வேண்டும். ஆகவே எஃப்3 அல்லது பிஷப் டி3 என்று அவர் ஒரு நகர்வு செலவு செய்வார். நீங்கள் குதிரை பிடி7, அப்புறம் இ5. இந்த அமைப்பில் எஃப் சிப்பாய் எஃப்4-க்கு வரவில்லை, அதனால் இ5 அடி கிடைக்கிறது. புரிகிறதா? எஃப்4 வந்தால் சி5, வராவிட்டால் இ5. ஒரு சிப்பாயைப் பார்த்தால் போதும், பதில் கிடைத்துவிடும்.

பிர்ட்ஸை யாராவது திட்டினால் கட்டாயம் 1999-இல் விக் ஆன் ஸீயில் காஸ்பரோவ் தொபலோவை வென்ற ஆட்டத்தைக் காட்டுவார்கள். 24-ஆவது நகர்வில் யானையைக் கொடுத்து, கறுப்பு ராஜாவைப் பலகையின் மறுகோடி வரை இழுத்துக்கொண்டு போன ஆட்டம். அந்த ஆட்டத்தைப் பொறுமையாகப் பாருங்கள். தொபலோவ் சி6, பி5, குதிரை பிடி7, இ5 எல்லாம் ஆடி, ராணிப் பக்கம் கோட்டை கட்டி, தொடக்கத்தில் நன்றாகத்தான் இருந்தார். காஸ்பரோவ் கொடுத்த யானையை எடுக்காமல் ராஜாவை பி6-க்கு நகர்த்தியிருந்தால் கறுப்புக்குக் கவலையே இல்லை. தற்காப்பில் குறை கிடையாது.

சரி, மூன்றாவது நகர்வாக ஜி6-க்குப் பதில் இ5 எப்போது? எதிராளி தாக்குவதிலேயே உயிர் வைத்திருப்பவர் என்று தெரிந்தால் அவருக்கு இது. அவர் டி சிப்பாயால் இ5-ஐ எடுத்து, ராணியை மாற்றி, உங்கள் ராஜாவை டி8-க்கு இழுப்பார். கோட்டை கட்ட முடியாமல் போயிற்றே என்று நம் பிள்ளைகள் பதறுவார்கள். ராணிகள் இரண்டும் பலகையில் இல்லாதபோது ராஜா நடுவில் நிற்பது ஆபத்து கிடையாது. சி6 ஆடி சி7-இல் போய் உட்கார்ந்துகொள்ளும். அவர் பிஷப் சி4 வந்தால் நீங்கள் பிஷப் இ6. அவர் அதை எடுத்தால் எஃப் சிப்பாயால் எடுங்கள். இ5, இ6 என்று ஒன்றன் பின் ஒன்றாக இரட்டைச் சிப்பாய் நிற்கும், பார்க்க நன்றாக இராது. ஆனால் அந்த இரண்டும் சேர்ந்து டி4, எஃப்4, டி5, எஃப்5 நான்கையும் காக்கின்றன. வெள்ளைக் குதிரை வந்து இறங்க நடுவில் ஒரு கட்டம் கிடைக்காது. தாக்க வந்தவருக்கு அமைதியான முடிவாட்டம் ஆட வேண்டிய கட்டாயம். பாதிப் பேர் அங்கேயே ஊக்கம் இழந்துவிடுவார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "எந்த வரிசையில் ஆடினாலும் ஒரே இடத்துக்குத்தானே வருகிறோம்" என்று நினைக்காதீர்கள். எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக் கொடுக்கிறேன். அங்கே மாதத்துக்கு ஒரு பிள்ளையாவது இதில் விழுகிறது. இ4, டி6, டி4, குதிரை பிடி7 என்று பிடி7-ஐ முதலில் ஆடிவிடுவார்கள். பிஷப் சி4, ஜி6, குதிரை எஃப்3, பிஷப் ஜி7. அவ்வளவுதான். வெள்ளை பிஷப்பால் எஃப்7-ஐ எடுத்துச் செக் வைக்கும். ராஜா எடுக்கும். குதிரை ஜி5 செக். இப்போது ராஜா இ8 போனால் குதிரை இ6 வந்து உட்கார, ராணிக்கு நகர ஒரு கட்டம் இல்லை. எஃப்8 போனால் அதே குதிரை இ6-இலிருந்து ராஜாவையும் ராணியையும் சேர்த்துத் தாக்கும். எஃப்6 போனால் ராணி எஃப்3, அங்கேயே மேட்.

ஏன் இப்படி ஆயிற்று? டி7-இல் நின்ற குதிரை சி8 பிஷப்பின் பார்வையை மறைத்துவிட்டது, இ6-க்குக் காவல் இல்லை. இன்னொரு குதிரை ஜி8-ஐ விட்டு நகரவில்லை, ராஜா ஒதுங்க அந்தக் கட்டமும் இல்லை. முதலில் எஃப்6, பிறகுதான் டி7. இதை மட்டும் கட்டாயமாக நினைவில் வையுங்கள்.

டி4 பக்கத்துக்கு வருவோம். டி4, டி6, சி4, குதிரை எஃப்6, குதிரை சி3, ஜி6, இ4, பிஷப் ஜி7, குதிரை எஃப்3. இங்கே கோட்டை கட்டலாம், வெள்ளை ராஜாவும் பெரும்பாலும் அதே பக்கம்தான் கட்டப் போகிறது. பிஷப் இ2, நீங்கள் இ5. உங்கள் இரண்டாவது ஆட்டத்தில் இதுவரை அருமையாக ஆடியிருக்கிறீர்கள். வெள்ளை டி5 தள்ளி நடுவை மூடினார். அதன் பிறகு நீங்கள் ஏ6, பி5 என்று ராணிப் பக்கம் ஓடியது தவறு. டி6, இ5 என்று உங்கள் சிப்பாய்கள் சாய்ந்து நிற்கும் திசையைப் பாருங்கள், ராஜா பக்கம் கை நீட்டுகின்றன. உங்கள் அடி எஃப்5-இல். அதற்கு முன் எஃப்6 குதிரையை இ8-க்கோ டி7-க்கோ ஒதுக்கி வழி விட வேண்டும். ராணிப் பக்கம் வெள்ளையின் பேட்டை, அங்கே போய் நீங்களே கதவைத் திறந்து விட்டீர்கள்.

வெள்ளை மூடாமல் கோட்டை கட்டினால் பெரிய ஆட்டக்காரர்கள் குதிரை சி6 ஆடுவார்கள். அதற்குப் பின்னால் கடல் போலப் படிப்பு இருக்கிறது, காஸ்பரோவே ஆண்டுக்கணக்காக ஆடிவிட்டு 1990-களின் பிற்பகுதியில் கிங்ஸ் இந்தியனைக் கைவிட்டார். நமக்கு வாரத்துக்கு மூன்று மணி நேரம். குதிரையை பிடி7-இல் வையுங்கள், சி6 ஆடுங்கள், போதும்.

லண்டன் சிஸ்டம் ஆடுகிறவர்கள் உங்களுக்கு வரம். அவர்கள் பிஷப்பை எஃப்4-இல் வைத்து சி7-ஐப் பார்க்கலாம் என்று நினைப்பார்கள். டி6 சிப்பாய் அந்தப் பாதையை அடைத்துவிட்டது. குதிரை பிடி7 ஆடியதும் இ5 என்ற மிரட்டல் வந்துவிடும், அந்த பிஷப் மறுபடி நகர வேண்டும். டி5 ஆடுபவர்களுக்கு லண்டன் தருகிற சலிப்பு நமக்கு வராது.

பெயரைப் பற்றி ஒரு விஷயம், நேரடியாகத் தேவை இல்லை, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. கிங்ஸ் இந்தியன் என்பதில் 'இந்தியன்' ஏன் வந்தது? 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளியோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். நம் பழைய முறைப்படி சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த பானர்ஜி டி6, ஜி6, பிஷப் ஜி7 என்று ஒதுங்கி நின்று ஆடினார். அப்போது ஐரோப்பாவில் அது விசித்திரம். நூறு ஆண்டு கழித்து உலகமே அதை ஆடியது. வெள்ளை நடுவைப் பிடித்துக்கொள்ளட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற அந்த யோசனை நம் பக்கத்து ஆட்களுடையது. சித்துயின் ஆடிய பெரியவரும் பானர்ஜியும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் போல எனக்குத் தோன்றும்.

இதெல்லாம் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கணினியைக் கேட்டால் பிர்ட்ஸில் வெள்ளைக்கு அரைச் சிப்பாய் அளவு சாதகம் என்று காட்டும். நம் நிலை ஆட்டத்தில் அது பொருட்டே இல்லை, ஆனால் இடம் குறைவாக நின்று ஆடுவது எல்லாருக்கும் ஒத்துவராது. காய்கள் நெருக்கமாக இருந்தாலே மனம் பதறும் என்றால் காரோ கானுக்குப் போங்கள். இ4-க்கு சி6, அடுத்து டி5. டி4-க்கு டி5, சி4 வந்தால் சி6, அது ஸ்லாவ். சிப்பாய் அமைப்பு ஒன்றே, சி8 பிஷப்புக்கும் வெளியே வர வழி உண்டு. கபபிளாங்கா, பெட்ரோசியன், கார்போவ் என்று அசைக்க முடியாத ஆட்டக்காரர்கள் நம்பிய இடம். திடமானது. ஆனால் இரண்டாவது நகர்விலேயே நடுவில் உங்கள் முடிவைச் சொல்லிவிடுகிறீர்கள். வளைவு குறைவு, பத்திரம் அதிகம். என் மாணவர்களில் பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு இதைத்தான் கொடுக்கிறேன். இ6 ஆடி பிரெஞ்சுப் பக்கமும் போகலாம், சி8 பிஷப் அடைபட்டுக் கிடப்பதைச் சகித்துக்கொள்வதாக இருந்தால். ஏ6, பி6, டி6, இ6 என்று நான்கு சிப்பாயையும் ஆறாம் வரிசையில் நிறுத்திக் காத்திருக்கும் முள்ளம்பன்றி அமைப்பை இப்போதைக்குத் தொடாதீர்கள். எப்போது பாய்வது என்று தெரிந்தவர்கள் கையில்தான் அது ஆயுதம்.

உங்களுக்கு நான் டி6 சொல்வதற்குக் காரணம் உங்கள் ஆட்டங்களில் தெரிகிற குணம். வெள்ளையில் நீங்கள் வேகமாக எதிர்த்து அடிக்கிறீர்கள், பயப்படவில்லை. கறுப்பில் மட்டும் யாரோ சொன்ன எட்டு நகர்வுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறீர்கள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம் குகேஷ் 18 வயதில் உலகப் பட்டம் வென்றது எந்த நிறத்தில் என்று நினைவிருக்கிறதா? டிங் லிரனுக்கு எதிரான கடைசி, 14-ஆவது ஆட்டம். அதுவரை இருவரும் சம புள்ளி. குகேஷுக்குக் கறுப்பு. சமன் போதும் என்று அவர் ஆடவில்லை, கடைசிவரை அழுத்திக்கொண்டே இருந்தார். அந்த மனநிலை உங்களிடமும் இருக்கிறது, அதற்கு இடம் கொடுக்கிற தற்காப்பு வேண்டும்.

மூன்று மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது? முதல் வாரம் முழுக்க ஆஸ்திரியத் தாக்குதலும் பிஷப் இ3-உம் மட்டும். கைப்பேசியில் வேண்டாம், பலகையை விரித்து, காய்களைக் கையால் நகர்த்துங்கள். உங்கள் பக்கமும் மாலையில் மின்சாரம் போகும், போனால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இது நன்றாகவே நடக்கும். இரண்டாவது வாரம் டி4. மூன்றாவது வாரத்திலிருந்து புதிதாக எதுவும் படிக்காதீர்கள். ஆடிய ஆட்டங்களைத் திரும்பப் போட்டு, ஒவ்வொன்றிலும் இ5 அல்லது சி5 எத்தனையாவது நகர்வில் விழுந்தது என்று ஓரத்தில் எழுதுங்கள். கணினியிடம் கேட்பதற்கு முன் உங்களுக்கு எங்கே வலித்தது என்று நீங்களே ஒரு வரி எழுத வேண்டும். கணினி சொன்ன பிறகு எழுதினால் அது உங்களுடையதாக இருக்காது.

நீங்கள் கடையில் மட்பே (உளுந்து) வாங்குகிறவர். சென்னை விலை தெரியும்வரை காத்திருப்பீர்கள், தெரிந்த பிறகு ஒரு நாளும் தாமதிக்க மாட்டீர்கள். பலகையிலும் அதே கணக்கை வைத்து ஆடிப் பாருங்கள்.

கறுப்பில் இருபது ஆட்டம் ஆடி முடித்ததும், அந்த ஓரக் குறிப்புகளோடு தோற்றவற்றை மட்டும் எனக்கு அனுப்புங்கள், தம்பி. உங்கள் முதல் ஆட்டத்தில் எட்டாவது நகர்வாக யானை இ8-க்குப் பதில் சி5 அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் பலகையில் வைத்துப் பார்த்து எழுதுங்கள். நான் பார்த்துவிட்டேன், ஆனால் உங்கள் பதிலைப் படித்த பிறகுதான் சொல்வேன்.